மாவனல்லை மலைகளுக்கு பஸ்ஸிலும் ரயிலிலும்: திரும்பும் நேரத்திலிருந்து தொடங்கும் ஒரு பயணத் திட்டம்

வடக்கு, கிழக்கிலிருந்து மலைநாட்டுக்குப் போவதென்றால் எங்களுக்குப் பழகிய வழி ஒன்றுதான். நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு வான் பிடிப்பது, சமையல் பாத்திரங்களையும் ஏற்றிக்கொள்வது, கண்டி, நுவரெலியா, கதிர்காமம் என்று மூன்று நாளில் ஓடி முடிப்பது. மலையை வாகனக் கண்ணாடிக்குள்ளால் பார்ப்போம். சாரதி நிறுத்துகிற இடத்தில் இறங்கிப் படம் எடுப்போம். வான் வாடகையில் பங்கு போட முடியாதவர்கள் வீட்டில் நின்றுவிடுவார்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. ரயிலிலும் சாதாரண பஸ்ஸிலும் போய், ஒரு மலையில் காலால் ஏறி, அன்றைக்கே இறங்கி வருவது. கயிறு, கொழுக்கி, பயிற்சி எதுவும் தேவைப்படாத, ஊர் மக்கள் செருப்போடு ஏறி இறங்குகிற மலைகள் கேகாலை மாவட்டத்தில் பல உண்டு. செலவு என்று பார்த்தால் பயணச்சீட்டும் சாப்பாடும், ஓர் இரவு தங்குமிடமும்தான். அப்படியிருந்தும் எங்களில் மிகச் சிலரே இதைச் செய்கிறோம். காரணம் கால் வலு இல்லாமை அல்ல. தெரியாத ஊர், தெரியாத மொழி, இருட்டினால் என்ன செய்வது என்ற தயக்கம். பல வருடங்கள் சோதனைச் சாவடிகளிலும், இராணுவத்திடமும் புலிகளிடமும் பாஸ் எடுத்தும் நகர்ந்து பழகியவர்களுக்கு அந்தத் தயக்கம் இயல்பானது.

தயக்கத்தைக் குறைக்க ஒரே வழி, விபரம். இந்தக் கட்டுரை மாவனல்லையை மையமாக வைத்து அந்த விபரங்களைத் தருகிறது. இதில் ஒரேயொரு விடயத்தை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்: பயணத் திட்டத்தைப் புறப்படும் நேரத்திலிருந்து போடாதீர்கள், திரும்பும் நேரத்திலிருந்து போடுங்கள்.

ஏன் மாவனல்லை?

கொழும்பு - கண்டி பெருந்தெருவில், கேகாலைக்கும் கடுகண்ணாவைக்கும் இடையில், மகா ஓயா ஓரமாக இருக்கிறது மாவனல்லை. கண்டியிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீற்றர். இந்த வீதி பிரித்தானியர் காலத்தில், 1820களில், கண்டி இராச்சியத்தைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பதற்காக வெட்டப்பட்டது. அதை அமைத்த பொறியியலாளர் கப்டன் டோசன் 1829இல் இறந்தார். அவர் நினைவாக 1832இல் கட்டப்பட்ட கோபுரம் கடுகண்ணாவைக் கணவாயின் உச்சியில் இன்றும் நிற்கிறது. கண்டிக்கான ரயில் பாதை 1867இல் வந்தது. படை நகர்த்தவும் கோப்பி இறக்கவும் போட்ட பாதைகள் என்பதால், இந்தப் பகுதியின் மலைகள் பிரதான போக்குவரத்துக்கு மிக அருகில் இருக்கின்றன. வான் இல்லாமல் போகிறவருக்கு இதைவிட வசதியான மலைப்பகுதி குறைவு.

மற்றொரு வசதி மொழி. மாவனல்லை நகரில் தமிழ் பேசும் முஸ்லிம் மக்கள் பெருமளவில் வாழ்கிறார்கள். தேநீர்க் கடையிலும் மருந்துக் கடையிலும் தமிழில் கேட்டு வழி அறியலாம். இந்த நகரமும் தீயைக் கண்டதுதான். 2001 மே மாதம் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறையில் இங்கே கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டன. எரிந்த கடைத்தெருவைத் திரும்பக் கட்டியவர்களிடம்தான் நீங்கள் தேநீர் வாங்கிக் குடிக்கப்போகிறீர்கள்.

எந்த மலை?

முதல் பயணத்துக்குப் பெயர் பெற்ற மலையைத் தேடாதீர்கள். உங்கள் குழுவில் மிக மெதுவாக நடப்பவர் யாரோ, அவருக்கு ஏற்ற மலையைத் தெரிவு செய்யுங்கள். மாவனல்லையைச் சுற்றி மூன்று மலைகளும், மலை ஏற முடியாதவர்களுக்கு ஒரு மாற்று வழியும் உண்டு.

உத்துவன்கந்த: கேகாலைக்கும் மாவனல்லைக்கும் இடையில் பெருந்தெருவில் இருந்தே தெரியும் பாறைக் குன்று. 19ஆம் நூற்றாண்டில் சரதியேல் ஒளிந்திருந்த இடம். பணக்காரரிடம் பறித்து ஏழைகளுக்குக் கொடுத்தவன் என்று மக்கள் கதையில் வாழ்கிற கொள்ளைக்காரன். அவனுடைய நெருங்கிய தோழன் மம்மலே மரிக்கார் ஒரு முஸ்லிம். 1864 மார்ச் 21ஆம் திகதி அவர்களைப் பிடிக்கப் போன மோதலில் சபான் என்ற பொலிஸ் கொன்ஸ்டபிள் கொல்லப்பட்டார். கடமையில் உயிரிழந்த பொலிஸாரை இலங்கைப் பொலிஸ் நினைவுகூருவது இன்றும் அந்தத் திகதியில்தான். சரதியேலும் மரிக்காரும் அதே வருடம் மே 7இல் கண்டியில் தூக்கிலிடப்பட்டார்கள். ஏற்றம் குறுகியது. ஆனால் மேல்பகுதிப் பாறைகள் மழைக்குப் பின் வழுக்கும்.

பைபிள் பாறை: சிங்களத்தில் பத்தலேகல. விரித்து வைத்த புத்தகம்போல் தட்டையான உச்சி என்பதால் ஆங்கிலேயர் இட்ட பெயர் நிலைத்துவிட்டது. உயரம் கடல்மட்டத்திலிருந்து 798 மீற்றர். அரநாயக்க பக்கம் இருக்கிறது. மாவனல்லையிலிருந்து கிராமத்து பஸ் எடுத்து, கடைசித் தூரத்தை நடந்தோ ஓட்டோவிலோ போகவேண்டும். நிதானமாக ஏறக்கூடியது. உச்சியில் விளிம்பு செங்குத்து, வேலி கிடையாது.

அலகல்ல: சுமார் 1,140 மீற்றர். மூன்றிலும் உயரமானது, நேரம் எடுப்பது. கடுகண்ணாவைப் பக்கம் பொத்தப்பிட்டியவிலிருந்து ஏறலாம். ரயில் பாதையில் இஹல கோட்டே நிலையத்திலிருந்தும் ஏறலாம், அந்தத் தடம் காட்டுக்குள்ளால் நீளமாகப் போகும். பக்கத்தில்தான் போர்த்துக்கீசரைக் கண்டி அரசர்கள் தடுத்து நின்ற பலன கணவாய். பனிமூட்டம் சட்டென்று இறங்கும். அதனால் இதை முதல் பயணமாக வைக்க வேண்டாம்.

மலை ஏறாத வழி: முதியவர்களும், நடக்கச் சிரமப்படுபவர்களும் இருந்தால் றம்புக்கணையிலிருந்து கடுகண்ணாவை வரை ரயிலில் போகலாம். 44 மீற்றர் முன்னே போனால் ஒரு மீற்றர் மேலே ஏறும் பாதை அது. குகைப்பாதைகளுக்குள் நுழைந்து வெளியே வரும்போது பைபிள் பாறை பள்ளத்தாக்கின் எதிரே நிற்கும். கடுகண்ணாவையில் டோசன் கோபுரமும் ரயில் நூதனசாலையும் இருக்கின்றன. மலை ஏறுகிறவர்கள் ஏற, மற்றவர்கள் இந்த வழியில் போய், மாலையில் ஒன்றாகச் சேரலாம்.

போய்ச் சேருவது எப்படி?

ரயிலில்: யாழ்ப்பாணம், கிளிநொச்சி, வவுனியாவிலிருந்து கொழும்பு செல்லும் ரயில்கள் அநுராதபுரம், மாஹோ, குருநாகல் வழியாகப் பொல்கஹவெல சந்தியைக் கடக்கின்றன. மட்டக்களப்பிலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் வரும் பாதையும் மாஹோவில் இதோடு சேர்கிறது. பொல்கஹவெலயில் இறங்கி, கண்டிப் பக்கம் போகும் ரயிலில் மாறி றம்புக்கணையில் இறங்குங்கள். அங்கிருந்து மாவனல்லைக்கும் கேகாலைக்கும் பஸ் உண்டு. நீங்கள் ஏறும் ரயில் பொல்கஹவெலயில் நிற்குமா என்பதைச் சீட்டு எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

1990 ஜூனில் நின்றுபோன யாழ்ப்பாணத்துக்கான ரயில் 2014 ஒக்டோபரில்தான் திரும்ப ஓடத் தொடங்கியது. இருபத்துநான்கு வருடம். அந்த இடைவெளியில் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு, ஒரு சந்தியில் இறங்கி வேறு ரயிலுக்கு மாறுவது என்பதே பழக்கமில்லாத காரியம். பயப்பட ஒன்றுமில்லை. பொல்கஹவெலயில் இறங்கியதும் எந்த மேடை என்று ரயில் நிலைய ஊழியரிடம் கேட்டால் போதும்.

பஸ்ஸில்: யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வீதி நேரே கண்டியில் முடிகிறது. மட்டக்களப்பிலிருந்தும் கண்டிக்கு பஸ் உண்டு. கண்டியில் கொழும்பு செல்லும் சாதாரண பஸ்ஸில் ஏறினால் கடுகண்ணாவைக் கணவாய் இறங்கி ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் மாவனல்லை. குளிரூட்டிய இன்டர்சிட்டி பஸ்களில் இடையில் இறங்கினாலும் வழக்கமாக முழுக் கட்டணம் அறவிடுவார்கள். அதனால் சாதாரண பஸ்ஸே நல்லது.

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் மலைநாட்டு ரயில் பாதை கடுமையாகச் சேதமடைந்தது. ஆகவே நேர அட்டவணையை மட்டும் நம்பிப் புறப்படாமல், அந்தப் பகுதியில் சேவை நடக்கிறதா என்று பயணத்துக்கு முதல் நாள் கேளுங்கள். அரசாங்கத் தகவல் நிலையத்தின் 1919 இலக்கத்தில் தமிழிலும் பதில் சொல்வார்கள்.

வடக்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ போய் ஒரே நாளில் ஏறித் திரும்புவது நடக்காத காரியம். முதல் நாள் பயணம், இரவு மாவனல்லையிலோ கேகாலையிலோ கண்டியிலோ தங்கல், இரண்டாம் நாள் காலை மலை, அன்றிரவோ மறுநாளோ வீடு. இதுதான் சரியான அளவு.

திட்டத்தைப் பின்னாலிருந்து போடுங்கள்

சிவனொளிபாத மலைக்குப் போய்வந்தவர்கள் எங்களில் ஏராளம். ஆனால் அந்த அனுபவத்தை இங்கே அளவுகோலாக வைக்கக்கூடாது. பருவகாலத்தில் அங்கே இரவு முழுவதும் விளக்கும், தேநீர்க் கடையும், முன்னும் பின்னும் ஆயிரம் பேரும் இருப்பார்கள். கூட்டமே உங்களைக் கவனித்துக்கொள்ளும். கேகாலை மலைகளில் மாலை நான்கு மணிக்குப் பிறகு உங்களைத் தவிர ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

முதலாவது கேள்வி: மலையடிக் கிராமத்திலிருந்து நகரத்துக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு? காலையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே நடத்துநரிடம் கேளுங்கள். பிறகு அந்தக் கடைசி பஸ்ஸை மறந்துவிட்டு, அதற்கு முந்திய பஸ்ஸை உங்கள் கடைசி பஸ்ஸாக வைத்துக்கொள்ளுங்கள். கிராமத்துக் கடைசி பஸ் சில நாட்களில் வராமலே விடும். ஞாயிற்றுக்கிழமையிலும் போயா தினத்திலும் சேவை குறையும்.

இரண்டாவது கேள்வி: ஏற எவ்வளவு நேரம்? 1892இல் ஸ்கொட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் சொன்ன ஒரு எளிய கணக்கு இன்றும் உலகம் முழுவதும் பயன்படுகிறது. 5 கிலோமீற்றர் நடைக்கு ஒரு மணித்தியாலம், அதற்கு மேலாக ஒவ்வொரு 600 மீற்றர் உயரத்துக்கும் இன்னொரு மணித்தியாலம். இது நல்ல உடல்நிலையில் உள்ளவர் நிற்காமல் நடந்தால். பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் போகிறவர்கள், எங்கள் வெக்கையில், இதை ஒன்றரையால் பெருக்கவேண்டும்.

ஒரு உதாரணம் பார்ப்போம். ஒரு தடம் 3 கிலோமீற்றர் நீளம், 400 மீற்றர் உயர்வு என்று வையுங்கள். நடைக்கு 36 நிமிடம், உயரத்துக்கு 40 நிமிடம், மொத்தம் 76 நிமிடம். ஒன்றரையால் பெருக்கினால் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம். உச்சியில் சாப்பிட்டு ஆற முக்கால் மணித்தியாலம். இறங்க ஒன்றரை மணித்தியாலம். அதற்கு மேல் எதிர்பாராததற்கு ஒரு மணித்தியாலம்.

உங்கள் பஸ் மாலை 3.30 என்றால் இப்போது பின்னோக்கிக் கழியுங்கள். எதிர்பாராததற்கான ஒரு மணித்தியாலத்தைக் கழித்தால் 2.30. இறங்கும் நேரத்தைக் கழித்தால் 1.00. ஆக, உச்சியில் நின்றாலும் நிற்காவிட்டாலும் பிற்பகல் 1 மணிக்குத் திரும்பியாக வேண்டும். உச்சியில் இருக்கும் நேரத்தைக் கழித்தால் 12.15. ஏறும் நேரத்தைக் கழித்தால் காலை 10.15. அதற்குமுன் அடிவாரத்தில் நிற்காவிட்டால் அன்றைக்கு அந்த மலை இல்லை.

இந்தக் கணக்கில் மிக முக்கியமானது அந்த 1 மணி. அதைத் திரும்பும் நேரம் என்பார்கள். உச்சி கண்ணுக்கு முன்னால் பத்து நிமிட தூரத்தில் தெரிந்தாலும் நேரம் வந்தால் திரும்பவேண்டும். இதை ஏறுவதற்கு முன், எல்லோரும் இருக்கும்போது, வாய்விட்டுச் சொல்லி ஒத்துக்கொள்ளுங்கள். மேலே போன பிறகு "இன்னும் கொஞ்சம்தானே" என்ற பேச்சு கட்டாயம் வரும். இலங்கையில் வருடம் முழுவதும் 6 மணியை ஒட்டி இருட்டிவிடும். மரங்களுக்குக் கீழே அதற்கும் முன்பே இருட்டு.

மழையும் மண்ணும்

கேகாலை மாவட்டத்துக்குப் பிரதான மழை மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேல் பருவக்காற்றில் வருகிறது. வடக்கில் எங்களுக்கு அது வெயில் காலம். ஆகவே எங்கள் வானத்தைப் பார்த்து அங்கே முடிவெடுக்கக்கூடாது. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடியோடு மழை கொட்டும். ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரை நல்ல காலம். இடிமழை மாதங்களில் போவதென்றால் மேலே சொன்ன நேரங்களை மூன்று மணித்தியாலம் முன்னால் தள்ளுங்கள்.

மின்னலுக்கும் இடிச் சத்தத்துக்கும் இடையிலுள்ள விநாடிகளை எண்ணி மூன்றால் பிரித்தால் மின்னல் எத்தனை கிலோமீற்றர் தூரத்தில் என்று தெரியும். பத்து கிலோமீற்றருக்குள் என்றால் உச்சியில் நிற்காமல் இறங்குங்கள். தனி மரத்தின் கீழ் ஒதுங்காதீர்கள்.

மின்னலைவிடப் பெரிய ஆபத்து மண். 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலைச்சரிவு உடைந்து கிராமங்கள் மண்ணுக்குள் போயின. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தோ காணாமற்போயோ விட்டார்கள். பலருடைய உடல்கள் கிடைக்கவேயில்லை. அதே மாவட்டத்தில் புலத்கொஹுபிட்டியவில் தோட்டத் தொழிலாளர் லயன் குடியிருப்பும் அந்த மழையில் புதைந்தது. 2025 நவம்பரில், புயலுக்குச் சில நாள் முன்பு, பஹல கடுகண்ணாவையில் பெருந்தெரு ஓரத்திலேயே மண்சரிந்து உயிர்கள் போயின. காணாமற்போனவர்களைத் தேடுவது என்றால் என்னவென்று எங்களுக்கு விளக்கத் தேவையில்லை. அரநாயக்க வழியாகப் போகும்போது, பஸ் யன்னலால் பார்க்கிற அந்தப் பச்சைச் சரிவு பலருக்குக் கல்லறை என்பதை நினைவில் வையுங்கள்.

மண்சரிவு எச்சரிக்கையைத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மூன்று மட்டங்களில் வெளியிடுகிறது. மஞ்சள் என்றால் அவதானம். செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயார்நிலை. சிவப்பு என்றால் வெளியேற்றம். இது அங்கே வசிக்கிற மக்களுக்கான அளவு. விருப்பத்துக்குப் போகிற எங்களுக்கு மஞ்சளே போதும், பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரங்கள், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, ஓடிக்கொண்டிருந்த ஊற்று நின்றுபோதல் ஆகியவற்றைக் கண்டால் மழை இல்லாவிட்டாலும் திரும்புங்கள். கண்டதை ஊராரிடம் சொல்லுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

தடத்தை விட்டு விலகாதீர்கள்

மிதிவெடி அபாயப் பலகைகளுக்கு நடுவில் மீள்குடியேறியவர்களுக்கு இந்தத் தலைப்பைப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. இந்த மலைகளில் மிதிவெடி கிடையாது. ஆனால் காட்டுப்பன்றிக்குச் சிலர் சட்டவிரோதமாகக் கட்டுத்துவக்கும் கம்பிச் சுருக்கும் வைக்கிறார்கள். ஆட்கள் வழமையாக நடக்கும் தடத்தில் அவை இருக்காது. குறுக்கு வழி தேடிப் புதருக்குள் இறங்கும்போதுதான் ஆபத்து. வழி தவறியதாகத் தோன்றினால் கடைசியாகத் தெரிந்த இடத்துக்கு வந்த வழியே திரும்புங்கள். நீரோடையைப் பிடித்துக்கொண்டு இறங்கினால் ஊர் வரும் என்று நினைக்காதீர்கள். பல ஓடைகள் பாறையில் விழுந்து அருவியாகிவிடும்.

குளவியைத் தோட்டத் தொழிலாளர்கள் எவ்வளவு பயப்படுகிறார்கள் என்பதைச் செய்திகளில் படித்திருப்பீர்கள். பாறை முகங்களில் பெருந்தேனீக்கள் கூடு வைக்கும். சத்தம் போடுவது, கல் எறிவது, புகை எழுப்புவது, வாசனைத் திரவியம் பூசுவது எல்லாவற்றையும் தவிருங்கள். கலைந்துவிட்டால் முகத்தை மூடிக்கொண்டு வந்த வழியே வேகமாக விலகுங்கள். அட்டை கடித்தால் பயமில்லை. நீளமான காலுறைக்குள் காற்சட்டையைச் செருகி, மேலே சவர்க்காரமோ சித்தாலேபையோ தடவினால் பெரும்பாலும் ஏறாது.

பையில் இருக்கவேண்டியவை: ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர், சாப்பாடு, மழைக்கவசம், பிடிப்பான அடியுள்ள சப்பாத்து, கையடக்கத் தொலைபேசியை நம்பாமல் தனியாக ஒரு டோர்ச், விசில், காயத்துக்குக் கட்டும் துணி, வழமையாக எடுக்கும் மருந்து, பஸ்ஸுக்குச் சில்லறைத் தாள்கள். மாவனல்லை பஸ் நிலையத்தை விட்டால் கழிப்பறை அரிது என்பதால், பெண்கள் அங்கேயே அதை முடித்துக்கொள்வது நல்லது. அவசர நோயாளர் காவு வண்டி 1990, பொலிஸ் 119.

உடலில் போரைச் சுமப்பவர்கள்

எங்கள் வீடுகளில் மலை ஏறுவதற்கு முன் கேட்கவேண்டிய கேள்விகள் சில, வேறு எந்த வழிகாட்டியிலும் இருக்காது.

செயற்கைக் காலோடு நடப்பவர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கமே கடினம். முழுப் பாரமும் பொருத்து முனையில் விழும். வியர்வையில் தோல் உரியும். மாற்று உறை இரண்டு, ஒரு ஊன்றுகோல், ஒவ்வொரு அரை மணித்தியாலத்துக்கும் கழற்றித் துடைக்க நேரம் ஆகியவற்றைத் திட்டத்தில் சேர்க்கவேண்டும். ஊரில் இரண்டு மூன்று கிலோமீற்றர் நடந்து பார்த்த பிறகே முடிவெடுங்கள். உடலில் செல் துண்டு உள்ளவர்கள், தூக்கும் பை அந்த இடத்தில் அழுத்துகிறதா என்று வீட்டிலேயே சுமந்து பார்க்கவேண்டும். சந்தேகம் இருந்தால் வைத்தியரிடம் கேளுங்கள்.

அடுத்தது சத்தம். கிராமங்களில் குரங்கையும் பன்றியையும் கலைக்க வெடி கொளுத்துவார்கள். கல் உடைக்கும் இடங்களில் பாறைக்கு வெடி வைப்பார்கள். மலைகளில் அது எதிரொலித்துப் பெரிதாகக் கேட்கும். கூட வருகிறவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவைத்தால் திடுக்கிடல் பாதியாகக் குறையும்.

பிள்ளைகளையும் மூட்டையையும் தூக்கிக்கொண்டு, எங்கே போகிறோம் என்று தெரியாமல் நடந்த ஞாபகம் சிலருக்கு நடக்கும்போதே வரலாம். அப்படி ஒருவர் நின்றுவிட்டால் காரணம் கேட்டு நெருக்காதீர்கள். உட்கார வையுங்கள், தண்ணீர் கொடுங்கள், திரும்பவேண்டுமென்றால் ஒருவர் கூடவே திரும்புங்கள். அதற்காகத்தான் குழுவில் குறைந்தது நான்கு பேர் இருக்கவேண்டும் என்பது.

அடையாள அட்டையும் நாலு வார்த்தை சிங்களமும்

தேசிய அடையாள அட்டை கட்டாயம் கையில் இருக்கட்டும். வெளியூர் இளைஞர்கள் பையோடு நிற்பதைக் கண்டு பொலிஸார் விசாரித்தால், எங்கிருந்து வந்தோம், எந்த மலை, எந்த பஸ்ஸில் திரும்புகிறோம் என்று நேரே சொல்லுங்கள். ரயில் சீட்டை எறியாமல் வைத்திருங்கள். திரும்பும் நேரத்தை எழுதிய ஒரு துண்டு இருந்தால் அது உங்களுக்காகப் பேசும்.

மலையடிக் கிராமங்களில் சிங்களம்தான். சில வாக்கியங்கள் போதும். "கந்தட்ட யன பார கொஹெத?" என்றால் மலைக்குப் போகும் வழி எங்கே. "அந்திம பஸ் எக்க கீயட்டத?" என்றால் கடைசி பஸ் எத்தனை மணிக்கு. "மெதன பஹினவா" என்றால் இங்கே இறங்குகிறோம். சிங்களத்தில் "ஐயா" என்றால் அண்ணன், "அக்கா" அக்காவேதான், "மாமா" மாமாவேதான். முறை சொல்லி அழைத்தாலே பாதி வழி திறந்துவிடும். வழி கேட்கும்போது ஒருவரிடம் மட்டும் கேட்டுவிட்டு நடக்காதீர்கள், அடுத்த கடையிலும் ஒருமுறை உறுதிப்படுத்துங்கள். விகாரைக்குள்ளால் தடம் போனால் தொப்பியையும் சப்பாத்தையும் கழற்றிவிட்டுக் கடவுங்கள்.

அந்த மலைகளிலிருந்து வந்தவர்கள்

கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் தேயிலையிலும் இறப்பரிலும் உழைக்கும் தமிழர்கள் தோட்டங்களில் சிதறி, சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிறு சிறு தொகையாக வாழ்கிறார்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களின் முன்னோரை நாடற்றவர்களாக்கியது. 1970களின் பஞ்சமும், 1977, 1983 வன்முறைகளும் மலையகத்துத் தோட்டங்களிலிருந்து பல ஆயிரம் பேரை வன்னிக்கு விரட்டின. காந்தியம் போன்ற அமைப்புகள் அவர்களை வவுனியா, முல்லைத்தீவு எல்லைக் கிராமங்களில் குடியமர்த்தின. அங்கே காடு வெட்டிக் காணி திருத்தியவர்கள்தான் பிறகு போரின் ஒவ்வொரு கட்டத்திலும் முதலில் இடம்பெயர்ந்தவர்கள்.

ஆகவே கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இந்தக் கட்டுரையைப் படிக்கிற சிலருக்கு இது அந்நிய ஊர் அல்ல. அப்பம்மாவோ தாத்தாவோ பிறந்த லயன் இந்த மலைகளில் ஏதோவொன்றின் சரிவில் இருந்திருக்கக்கூடும். அவர்கள் வந்தது கையில் கிடைத்ததோடு. திரும்பிப் போகும் பஸ் அவர்களுக்கு இருக்கவில்லை.

தோட்டத்துக்குள்ளால் நடக்கும்போது லயனை வேடிக்கைப் பொருளாகப் பார்க்காதீர்கள். கொழுந்து பறிக்கிறவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். ஒரு தேநீரோ பிஸ்கட் பைக்கற்றோ வாங்குவதென்றால் தோட்டத்துக் கடையில் வாங்குங்கள். பிளாஸ்டிக் போத்தலைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

புறப்படும் முன் இரண்டு வேலை மிச்சம். எந்த மலை, எந்த பஸ், எத்தனை மணிக்கு இறங்குவோம், எத்தனை மணி வரை தொடர்பு இல்லாவிட்டால் யாரை அழைக்கவேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வீட்டில் இருப்பவரிடம் கொடுங்கள். வீட்டில் மலையகத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர் இருந்தால், பிறந்த தோட்டத்தின் பெயரைக் கேட்டு அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். தோட்டங்களுக்குப் பதிவேட்டில் ஒரு பெயரும் சனங்களின் வாயில் வேறொரு பெயரும் இருக்கும். இரண்டும் தெரிந்தால் மாவனல்லை பஸ் நிலையத்தில் கேட்பதற்கு வசதியாக இருக்கும்.